மறுக்கத் தெரியாத செயலி: ஏஐ உதவியாளரைக் கொண்டு கட்டப்பட்ட ஒரு முன்பதிவுச் செயலியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இயன்முறை மருத்துவ நிலையங்களில் நேரம் முன்பதிவு செய்யவும் சிகிச்சைக் குறிப்புகளைப் பதிந்து வைக்கவும் உருவாக்கப்பட்ட ஒரு செயலியைப் பற்றியது இந்த ஆய்வு. செயலியைத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் பல ஆண்டுகள் இயன்முறை சிகிச்சையாளராகப் பணியாற்றியவர். அதுவரை ஒரு வரி நிரலும் எழுதியதில்லை. மற்றவர் வணிகப் பகுப்பாய்வுத் துறையிலிருந்து வந்தவர். தரவுத்தளத்தில் கேள்வி எழுப்பும் அளவுக்கு நிரலாக்கம் அறிந்தவர், ஆனால் ஒரு முழுச் செயலியைக் கட்டிப் பராமரித்த அனுபவம் இல்லாதவர். இவர்களைச் சிகிச்சையாளர், பகுப்பாய்வாளர் என்றே இனிக் குறிப்பிடுகிறேன். செயலி புழக்கத்துக்கு வந்து நான்கு மாதங்கள் ஆன பிறகு, ஒரு சிக்கல் வெளிப்பட்டபோது மதிப்பாய்வாளராக அழைக்கப்பட்டவன் நான். அதற்கு முந்தைய நிகழ்வுகளை, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் வரலாறு, செயலியைக் கட்ட அவர்கள் ஏஐ உதவியாளருடன் நடத்திய உரையாடல்களின் பதிவு, இருவரிடமும் தனித்தனியே கேட்டறிந்தவை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். இருவரின் இசைவு பெற்று, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

இவர்கள் தொடங்கிய காலத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். 2021 ஜூனில் நிரல் எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்தபோது, இவ்வகைக் கருவிகள் எழுதிக்கொண்டிருக்கும் வரியை நிறைவு செய்து தருபவையாகவே பெரும்பாலும் இருந்தன. 2025-க்குள் அவை கோப்புகளைத் தாமே திறந்து, பல இடங்களில் மாற்றி, கட்டளைகளை இயக்கி, பிழைச் செய்தியைப் படித்து மீண்டும் முயல்பவையாக வளர்ந்துவிட்டன. அவ்வாண்டு பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி ‘வைப் கோடிங்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். நிரலைப் படிக்காமலேயே, வேண்டியதைச் சொல்லி வருவதை ஏற்றுக்கொண்டு போகும் முறைக்கு அது பெயராயிற்று. அடுத்த மாதமே, புதிய நிறுவனங்களில் முதலீடு செய்து வளர்த்தெடுக்கும் ஒய் காம்பினேட்டரின் அப்போதைய குழுவில் இருந்த ஸ்டார்ட்அப்களில் கால் பங்கின் நிரலில் சுமார் 95 விழுக்காடு ஏஐ எழுதியது என்று அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் கூறினர். நம் நிறுவனர்கள் இருவரும் அதற்கு முன் வெளி நிறுவனம் ஒன்றிடம் மதிப்பீடு கேட்டு, அந்தத் தொகை தங்கள் சேமிப்புக்குள் அடங்காது என்று கைவிட்டவர்கள். அவர்களுக்கு இந்தச் செய்திகள் ஒரு கதவு திறந்தது போல் இருந்ததில் வியப்பில்லை.

முதல் பதினொரு வாரங்கள்

ஐந்து வார இறுதிகளில் காட்டக்கூடிய ஒரு செயலி உருவாயிற்று. பதினோராம் வாரத்தில் முதல் நிலையம் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் மேலும் ஐந்து நிலையங்கள் சேர்ந்தன.

இந்தக் கட்டத்தில் நடந்த நல்லதை முழுமையாகப் பதிவு செய்வது நியாயம். துறையை அறிந்தவருக்கும் நிரலுக்கும் இடையே வழக்கமாக நிற்கும் மூன்று நான்கு பேர் இங்கே இல்லை. வரவேற்பாளர் ஒருவர் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அடுத்த காலி நேரத்தைத் தேடித் திரையை உருட்டிக்கொண்டிருந்ததைச் சிகிச்சையாளர் ஒரு பிற்பகலில் பார்த்தார். அன்றிரவே, ஒரே சொடுக்கில் அடுத்த மூன்று காலி நேரங்களைக் காட்டும் பொத்தான் சேர்ந்துவிட்டது. வலியின் அளவை 0 முதல் 10 வரை குறிக்கும் பகுதியை ஒரே வாரத்தில் நான்கு முறை மாற்றினார்கள். பழைய முறையில் இதில் ஒரு மாற்றத்துக்கே இரண்டு கூட்டங்கள் நடந்திருக்கும். செயலியின் முகப்பை முதன்முதலில் பார்த்தபோது, இதைப் பல வருட அனுபவமுள்ள குழு செய்திருக்கிறது என்றே நான் எண்ணினேன்.

உரையாடல் பதிவுகளை வரிசையாகப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ‘சிகிச்சையாளர் தன் நோயாளிகளின் பட்டியலைப் பார்க்க முடிய வேண்டும்’, ‘வரவேற்பாளர் நேரத்தை மாற்ற முடிய வேண்டும்’, ‘மேலாளர் மாத அறிக்கையை இறக்கிக்கொள்ள முடிய வேண்டும்’ என்று ஏறத்தாழ எல்லாக் கோரிக்கைகளும் ‘முடிய வேண்டும்’ என்றே முடிந்தன. ‘முடியக் கூடாது’ என்ற சொல் பதினொரு வாரப் பதிவில் இரண்டே இடங்களில் வருகிறது: பெயரை வெறுமையாக விட்டுச் சேமிக்க முடியக் கூடாது, கடந்த தேதிக்கு முன்பதிவு செய்ய முடியக் கூடாது. செயலி யாரை, எங்கே, எதற்காகத் தடுக்க வேண்டும் என்பதைப் பற்றி வேறெதுவும் கேட்கப்படவில்லை.

முதல் அறிகுறி: ஒரே நேரத்துக்கு இருவர்

செயலி புழக்கத்துக்கு வந்த இரண்டாம் மாதத்தில் ஒரு நிலையத்தில் காலை 10:30-க்கு ஒரே சிகிச்சையாளரிடம் இரண்டு நோயாளிகள் வந்து நின்றார்கள். நிரல் முதலில் அந்த நேரம் காலியா என்று தரவுத்தளத்தைக் கேட்டு, காலி என்று பதில் வந்தால் முன்பதிவை எழுதியது. இரண்டு வரவேற்பாளர்கள் ஏறத்தாழ ஒரே கணத்தில் பொத்தானை அழுத்தினால், இருவருக்கும் காலி என்ற பதிலே கிடைக்கும். இருவரது முன்பதிவும் பதிவாகும். நிரலாக்கத்தில் இது மிகப் பழைய சிக்கல்.

பகுப்பாய்வாளர் உதவியாளரிடம் இருமுறை பதிவாகும் பிழையைச் சரிசெய்யச் சொன்னார். ஒருமுறை அழுத்தியதும் பொத்தான் செயலிழக்கும்படி அது மாற்றித் தந்தது. ஒரே ஆள் இருமுறை அழுத்துவதை அது தடுத்தது. இரண்டு ஆட்களை அது தடுக்கவில்லை. ஒன்பது நாட்களில் பிழை திரும்பியது. இரண்டாம் முறை, எழுதுவதற்குச் சற்று முன் மறுபடியும் ஒரு சரிபார்ப்பு சேர்க்கப்பட்டது. இடைவெளி குறுகியது, மறையவில்லை. மூன்றாம் முறை அரை விநாடி தாமதம் ஒன்று நுழைந்தது. அந்த வரியைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஆனால் அனுபவமுள்ள மனிதர்கள் எழுதிய நிரலிலும் இதே அரை விநாடியை நான் கண்டதுண்டு. மூன்று திருத்தங்களும் படிக்கும்போது பொருத்தமாகவே தோன்றின. மூன்றும் ஒரே ஆளால், ஒரே திரையில் சோதித்துப் பார்க்கப்பட்டு ஏற்கப்பட்டன.

முகவரியின் கடைசி எண்

நான்காம் மாதத்தில் ஒரு நிலையத்தின் வரவேற்பாளர் தொலைபேசியில் அழைத்து, உடன் பணிபுரிபவர் அனுப்பிய இணைப்பைத் தட்டச்சு செய்ததில் தங்கள் நிலையத்துக்கு வராத ஒருவரின் குறிப்பு திறந்தது என்றார். இணைப்பின் கடைசி இலக்கத்தை அவர் தவறாக அடித்திருந்தார். பகுப்பாய்வாளர் தம் கணினியில் அதே பக்கத்தைத் திறந்து, முகவரிப் பட்டியில் 1187 என்றிருந்ததை 1186 என்று மாற்றி அழுத்தினார். வேறொரு நிலையத்தில் முழங்கால் அறுவைக்குப் பின் சிகிச்சை பெறும் ஒருவரின் பெயரும் வயதும், அந்த நிலையத்தின் சிகிச்சையாளர் அன்று காலை எழுதிய நான்கு வரிக் குறிப்பும் திரையில் வந்தன.

கேட்பவர் உள்நுழைந்திருக்கிறாரா என்று நிரல் பார்த்தது. அவர் கேட்கும் குறிப்பு அவரது நிலையத்துக்குரியதா என்று பார்க்கவில்லை. பட்டியல் பக்கத்தில் மட்டும் நிலையவாரியாக வடிகட்டல் இருந்ததால், பொத்தான்களை அழுத்திச் செல்லும் எவருக்கும் பிறர் குறிப்பு தென்பட வாய்ப்பே இல்லை. ஆகவே நான்கு மாதம் இது கண்ணில் படவில்லை. இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளைத் தரவரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு, 2021 பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் குறையை முதலிடத்தில் வைத்தது இவ்வகைப் பிழைகளைக் கருத்தில் கொண்டுதான்.

அன்று மாலையே நிறுவனர்கள் குறிப்புப் பக்கங்களை முழுவதுமாக மூடி, முன்பதிவை மட்டும் இயங்கவிட்டார்கள். உதவியாளரிடம் உடனடித் திருத்தம் கேட்காமல், முதலில் கதவைச் சாத்தியது இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு என்று இன்றும் கருதுகிறேன். மறுநாள் என்னை அழைத்தார்கள்.

மதிப்பாய்வில் கண்டவை

நிரல் எதிர்பார்த்தபடி நடக்கிறதா என்று தானாகச் சரிபார்க்கும் சோதனைகள் செயலிக்கு முந்நூறுக்கும் மேல் இருந்தன, அனைத்தும் பச்சை, அதாவது தேறியவை. இது எனக்கு ஆறுதலுக்குப் பதில் ஐயத்தைத் தந்தது. குறிப்பைப் பெறும் பகுதிக்கான சோதனையைத் திறந்தேன். அது ஒரு நிலையத்தில் பயனரை உருவாக்கி, மாதிரித் தரவு அமைந்த விதத்தால் வேறொரு நிலையத்தில் குறிப்பை உருவாக்கி, அந்தப் பயனர் அந்தக் குறிப்பைக் கேட்கும்போது 200 என்ற வெற்றிக் குறியீடு வர வேண்டும் என்று எதிர்பார்த்தது. அதாவது, எந்தத் திறப்பை அடைக்க வேண்டுமோ அது திறந்தே இருப்பதை அந்தச் சோதனை உறுதி செய்துகொண்டிருந்தது. நிரலை முதலில் எழுதவைத்து, பின்னர் அந்த நிரலுக்கே சோதனைகளை எழுதச் சொன்னதன் விளைவு இது: நிரல் என்ன செய்கிறதோ அதையே சோதனைகள் சரி என்று எழுதிவைத்தன.

கிட் வரலாற்றில் பின்னோக்கிச் சென்றபோது இதைவிட வருத்தம் தரும் பதிவு ஒன்று கிடைத்தது. ஏழாம் வாரத்தில், வேறு ஏதோ வேலையின் நடுவே, உதவியாளர் தானாகவே நிலையச் சரிபார்ப்பைச் சேர்த்திருந்தது. உடனே மேற்சொன்ன சோதனை சிவப்பாயிற்று. ‘சோதனை தோல்வியடைகிறது, சரிசெய்’ என்று பகுப்பாய்வாளர் எழுதினார். உதவியாளர் சரிபார்ப்பை நீக்கியது. சோதனை பச்சையாயிற்று. மாற்றத்தின் குறிப்பில் ‘சோதனைப் பிழை சரிசெய்யப்பட்டது’ என்று இருக்கிறது. நீக்கப்பட்டவை மூன்றே வரிகள். அந்த மாற்றத்தைப் பகுப்பாய்வாளரிடம் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அந்த மூன்று வரிகளைத் தாம் படித்ததாகவே நினைவில்லை என்றார்.

மற்றவை சிறியவை. தேதியை எழுத்தாக மாற்றும் செயற்கூறுகள் ஐந்து இருந்தன. அவற்றில் இரண்டு நேர மண்டலத்தைக் கவனிக்கவில்லை. குறுஞ்செய்திச் சேவையைப் பயன்படுத்த அனுமதிக்கும் ரகசியக் குறியான ஏபிஐ சாவி, எவரும் பார்க்கக்கூடியபடி உலாவிக்குச் செல்லும் நிரலிலேயே கிடந்தது. ஒரு கட்டத்தில் உதவியாளர், உண்மையில் இல்லாத ஒரு பேக்கேஜின் (பிறர் எழுதி வெளியிட்ட ஆயத்த நிரல் தொகுதியின்) பெயரைத் தந்து, அதை நிறுவ முடியாமல் வேறொன்றுக்கு மாறியிருந்தது. நிரல் எழுதும் பதினாறு ஏஐ மொழி மாதிரிகளிடமிருந்து சுமார் 5,76,000 நிரல் மாதிரிகளைப் பெற்று ஆராய்ந்த ஒரு குழு, அவை பரிந்துரைத்த பேக்கேஜ்களில் 19.7 விழுக்காடு இல்லாதவை என்று கண்டது. அத்தகைய பெயரில் தீயவர் எவரேனும் முன்கூட்டியே ஒரு பேக்கேஜைப் பதிந்து வைத்திருந்தால் நிறுவல் தோற்றிருக்காது. இங்கே தோற்றது நல்லதாயிற்று.

ரத்து செய்யப்பட்ட நேரம் எவ்வாறு மீண்டும் காலியாகிறது என்று இருவரிடமும் கேட்டேன். இருவரும் உதவியாளரைத் திறந்து அதனிடம் கேட்டார்கள். நிரல் என்பது கோப்புகளில் இருப்பதைவிட, அதைக் கட்டியவர்களின் மனத்தில் இருக்கும் புரிதலே என்று கணினி அறிவியலாளர் பீட்டர் நவுர் 1985-இல் வாதிட்டார். அந்தப் புரிதல் கொண்ட குழு கலைந்தால் நிரல் இயங்கிக்கொண்டிருந்தாலும் உயிரற்றது என்றார். இங்கே கலைவதற்குக் குழு எதுவும் உருவாகியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உதவியாளரைக் கொண்டே ஒரே வார இறுதியில் முழுவதையும் புதிதாக எழுதிவிடலாம் என்று நிறுவனர்கள் விரும்பினர். வேகத்தைப் பொறுத்தவரை அது இயலாததன்று. ஆனால் தடுக்க வேண்டியவை இன்னும் எழுதப்படாத நிலையில், மறுபடி எழுதினால் இதே அளவு திறப்புகள் வேறு இடங்களில் தோன்றும் என்று நான் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். என் பங்குக்கு நான், அணுகல் தொடர்பான பகுதிகளை உதவியாளரின்றிக் கையாலேயே எழுத வேண்டும் என்று வற்புறுத்தினேன். அதை அவர்கள் ஏற்கவில்லை. இருவரில் ஒருவருக்கே ஓரளவு நிரல் தெரியும் என்ற நிலையில் அந்த அறிவுரை நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது.

புதிய வசதிகளை நிறுத்திவிட்டு, செயலி மறுக்க வேண்டியவற்றின் பட்டியலை முதலில் எழுதுவது என்று முடிவாயிற்று. இதைச் சிகிச்சையாளரே இரண்டு நாட்கள் உட்கார்ந்து காகிதத்தில் எழுதினார், நாற்பத்தொரு வரிகள். ‘பணியிலிருந்து விலகிய சிகிச்சையாளர் மறுநாள் உள்நுழையக் கூடாது.’ ‘ரத்தான நேரத்துக்கு நினைவூட்டல் போகக் கூடாது.’ ‘ஒரே நோயாளி இரண்டு நிலையங்களுக்குச் செல்பவராக இருந்தாலும், ஒன்றின் குறிப்பை மற்றது பார்க்கக் கூடாது.’ கடைசி வரி எனக்குத் தோன்றியிருக்காது. நிரல் தெரியாதவர் எழுதிய அந்தக் காகிதமே இத்திட்டத்தில் உருவான முதல் உண்மையான வடிவமைப்பு ஆவணம்.

பட்டியலில் இருந்தவற்றில் இயன்ற அளவைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்தோம். செயலி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தியது. ஒரே சிகிச்சையாளரின் இரண்டு நேரப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை விதியாகவே மறுக்கும் வசதி அதில் உண்டு. அட்டவணையின் எந்தத் தரவு வரிசையை யார் படிக்கலாம் என்பதை வரிசை அளவிலேயே கட்டுப்படுத்தும் வசதியும் 2016-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து உண்டு. நாளை உதவியாளரோ மனிதரோ நிரலில் எதை நீக்கினாலும் இவை நிற்கும் என்பதே காரணம். நாற்பத்தொரு வரிகளுக்கும் சோதனைகள் பட்டியலைப் பார்த்து எழுதப்பட்டன, நிரலைப் பார்த்து அல்ல. அவை தனிக் கோப்புறையில் வைக்கப்பட்டு, உதவியாளருக்கு அங்கே எழுதும் உரிமை மறுக்கப்பட்டது. ஒரு மாற்றத்தைச் செயலியின் நிரலில் இணைப்பவர், அது என்ன செய்கிறது என்பதைத் தம் சொற்களில் இரண்டு வரி எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் இணைக்கக் கூடாது.

ஆறு நிலையங்களுக்கும் நடந்ததைத் தெரிவிப்பது பற்றிச் சட்ட ஆலோசகரைக் கேட்ட பின், சிகிச்சையாளரே ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசினார்.

பின்விளைவுகள்

நேர மோதலை மறுக்கும் விதியைச் சேர்த்த இரவில் அது சேரவில்லை. ஏற்கெனவே உள்ள தரவு அந்த விதியை மீறுகிறது என்று தரவுத்தளம் திருப்பிவிட்டது. தேடிப் பார்த்ததில் மோதும் முன்பதிவுகள் பதினான்கு இணைகள் இருந்தன. நிலையங்கள் புகார் செய்தவை மூன்று மட்டுமே. மற்றவற்றை வரவேற்பாளர்கள் ஓசையின்றிச் சமாளித்திருக்கிறார்கள். வரிசை அளவுக் கட்டுப்பாட்டை இயக்கியதும் மாத அறிக்கை வெறுமையாக வந்தது. எல்லா நிலையங்களின் தரவையும் பார்த்து, பின்னர் வடிகட்டும் முறையில் அது எழுதப்பட்டிருந்ததே காரணம்.

ஏழு வாரங்கள் புதிய வசதி எதுவும் வரவில்லை. ஒரு நிலையம் விலகியது. பேச்சில் இருந்த ஒரு முதலீட்டாளர் முடிவைத் தள்ளிவைத்தார். ஐந்து நிலையங்கள் தொடர்ந்தன. அவற்றில் ஒன்று நாற்பத்தொரு வரிப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கி, இரண்டு வரிகள் சேர்த்துத் தந்தது. இதற்கிடையே ஏறத்தாழ இதே முகப்புகளுடன் வேறு இரண்டு செயலிகள் சந்தைக்கு வந்தன. திரைகளை ஒரு மாதத்தில் எவரும் கட்டிவிடலாம் என்ற நிலையில், புதிய நிலையங்களிடம் நிறுவனர்கள் முதலில் காட்டுவது இப்போது அந்தப் பட்டியலைத்தான்.

உதவியாளரைப் பற்றிய என் மதிப்பீடும் மாறியது. பட்டியலை முழுமையாகக் கொடுத்து, இதை மீறும் இடங்களைத் தேடு என்று கேட்டபோது, நான் தவறவிட்ட இரண்டு இடங்களை அது காட்டியது. ஏழாம் வாரத்தில் சரியான மூன்று வரிகளை எழுதியதும் அதுவே என்பதை நினைத்துக்கொண்டேன்.

நேரக் கணக்கையும் எழுதிவைக்கச் சொன்னேன். 2025-இல் ஏஐயின் திறன்களை ஆராயும் மீட்டர் (METR) அமைப்பு நடத்திய ஆய்வில், அனுபவமுள்ள பதினாறு நிரலாளர்கள் தங்களுக்கு நன்கு பழகிய நிரல்தொகுப்புகளில் ஏஐ கருவிகளுடன் வேலை செய்தபோது 19 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள்; ஆனால் வேலை முடிந்த பிறகும் தாங்கள் 20 விழுக்காடு விரைவாகச் செய்ததாகவே நம்பினார்கள். நம் நிறுவனர்கள் வேறு வகையினர் என்பதால் அந்த எண்ணை இங்கே பொருத்த முடியாது. உணர்வை நம்பாமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது போதுமான காரணம். கணக்கின்படி, உதவியாளர் இல்லாமல் இந்தச் செயலி உருவாகியே இருக்காது. அதே வேளையில், நான்கு வாரப் பதிவில் படித்துச் சரிபார்க்கும் நேரம் எழுதவைக்கும் நேரத்தைத் தாண்டியிருந்தது. இதைக் கண்டபின், வாரத்தில் இரண்டு நாட்கள் மாற்றங்களைப் படிப்பதற்கென்றே அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரை அமர்த்தினார்கள்.

மீண்டும் தொடங்கினால்

பட்டியலை முதல் வாரத்திலேயே, நிரலுக்கு முன்பே எழுதுவோம் என்று இருவரும் சொல்கிறார்கள். உண்மையான நோயாளியின் குறிப்பு உள்ளே வருவதற்கு முன், இரண்டு பொய் நிலையங்களை உருவாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்க ஒரு பிற்பகல் முழுக்க முயன்றிருப்போம் என்கிறார் பகுப்பாய்வாளர். அந்தப் பிற்பகலுக்கு நிரலறிவு தேவையில்லை; முகவரியின் கடைசி எண்ணை மாற்றத் தெரிந்தால் போதும். ‘சோதனை தோல்வியடைகிறது, சரிசெய்’ என்ற வாக்கியத்தை அவர் இப்போது எழுதுவதில்லை. தோல்வியடைந்த சோதனை சொல்வது சரியா, நிரல் செய்வது சரியா என்று முதலில் தாமே முடிவெடுத்து, அந்த முடிவைச் சேர்த்தே எழுதுகிறார். நான் என் பக்கத்தில் மாற்றிக்கொள்வது, மதிப்பாய்வை நிரலில் தொடங்காமல், முதல் நாளே துறையறிந்தவருடன் உட்கார்ந்து தொடங்குவது.

பட்டியலில் முதலில் எழுதிய நாற்பத்தொரு வரிகளில் நாற்பதுக்கான சோதனைகள் இப்போது பச்சை. மீதமிருப்பது, ஒரு வரவேற்பாளர் எழுந்து சென்ற கணினியில் அடுத்தவர் அவர் பெயரிலேயே முன்பதிவு செய்யக் கூடாது என்பது. ஐந்து நிமிடத்தில் தானாக வெளியேறும்படி வைத்துப் பார்த்தார்கள். வரவேற்பாளர்கள் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டார்கள். அந்தச் சோதனையைச் சிவப்பாகவே விட்டுவைத்திருக்கிறார்கள்.